எட்டு ஓம் பிட்டும் இருபது வோல்ட் பவர் பேங்கும்

மாடித் தொட்டியின் தண்ணீர் சென்சாரில் ஒயர் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பைக் இண்டிகேட்டரின் ஜாயின்ட் மழையில் பச்சை பூத்து அறுந்துவிட்டது. டிரோன் பறக்கவிடப் போன மைதானத்தில் மோட்டார் ஒயர் பிய்ந்து தொங்குகிறது. மூன்றுமே இரண்டு நிமிட வேலை. ஆனால் ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்ட, மேசையில் கிடக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னுக்கு 230 வோல்ட் பிளக் பாயின்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தேடி, ஒயரை மாடிவரை இழுத்து, அயர்ன் சூடாகும்வரை சில நிமிடம் காத்து நிற்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? மைதானத்தில் அதுவும் கிடையாது. கார்ட்லெஸ் சால்டரிங் அயர்ன் தேவைப்படும் இடம் இதுதான்.

ஆன்லைனில் தேடினால் சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் ரூபாய்வரை வரிசைகட்டி நிற்கும். எல்லாப் பெட்டியிலும் கொட்டை எழுத்தில் ஒரு வாட் எண் இருக்கும். அதை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். ஹீட்டர் என்பது வெறும் ரெசிஸ்டர். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் அதற்குக் கிடைக்கும் வாட் வந்துவிடும். டிஎஸ்100, பைன்சில் போன்ற பேனா வடிவ அயர்ன்களின் வழக்கமான பிட், அதாவது ஹீட்டரை உள்ளே வைத்த முனை, 8 ஓம். அதற்கு 24 வோல்ட் கொடுத்தால் 72 வாட், 20 கொடுத்தால் 50, 12 கொடுத்தால் 18, 9 கொடுத்தால் 10, 5 கொடுத்தால் வெறும் 3. அயர்ன் மாறவில்லை, பிட் மாறவில்லை, வாட் மட்டும் இருபது மடங்குக்கு மேல் ஏறி இறங்குகிறது. பெட்டியில் 65 வாட் என்று போட்டிருப்பதைப் பொய் என்று சொல்ல முடியாது; 24 வோல்ட் கொடுத்தால் அது கிடைக்கும். பழைய போன் சார்ஜரில் சொருகிவிட்டு “சூடே ஆகல” என்று ஒற்றை நட்சத்திரம் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வாட்டையும் டிகிரியையும் குழப்பிக்கொள்வதும் சகஜம். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பது டிகிரி. கீழே போகும் குழாய் எவ்வளவு அகலம் என்பது வாட். 10 வாட் அயர்னும் திரையில் 350 டிகிரி காட்டும். பிட்டைச் சர்க்யூட் போர்டில் வைத்ததும் அந்த 350 சடசடவென 200க்கு இறங்கும். 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்) முழுதாக உருக 190 டிகிரி வேண்டும். பிட்டே 200இல் நின்றால் ஜாயின்ட் அதற்கும் கீழேதான் இருக்கும் என்பதால், அங்கே ஈயம் உருகியும் உருகாமலும் கஞ்சி மாதிரி நிற்கும். நாமோ பிட்டை இன்னும் அழுத்துவோம், இன்னும் பத்து விநாடி வைத்திருப்போம். அதற்குள் ஃப்ளக்ஸ் என்ற பேஸ்ட் கருகிவிடும், கால் ஒட்டும் செம்புப் பேடைப் போர்டோடு பிடித்திருக்கும் பசை இளகி பேட் தூக்கிக்கொள்ளும். வலுவில்லாத அயர்ன் போர்டுக்குப் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. போர்டை அதிகம் கெடுப்பது அதுதான். வலுவான அயர்ன் இரண்டு விநாடியில் வேலையை முடித்துவிட்டு விலகிவிடும்.

ஒற்றை அடுக்கு போர்டில் ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர், எல்இடி வைக்க 18 வாட் தாராளம். கிரவுண்ட் பிளேனோடு (போர்டில் பரந்து கிடக்கும் செம்புப் பரப்பு) சேர்ந்த கால், யூஎஸ்பி சாக்கெட்டின் உலோக ஓடு, பேட்டரி கனெக்டர் என்று போனால் 40 வாட்டுக்குக் குறைந்து எதையும் யோசிக்க வேண்டாம்.

இனி வகைகள். கேஸ் அயர்ன் இவற்றில் பழையது. லைட்டருக்கு ஊற்றும் அதே பியூட்டேன்தான் எரிபொருள். பற்றவைத்ததும் பிட்டுக்குள் இருக்கும் கேட்டலிஸ்ட் (வினையூக்கி) சிவந்துகொள்ளும். அதன்பின் சுடர் இல்லாமலே வெப்பம் வரும். சூடு கொடுப்பதில் இதை மிஞ்ச ஆள் இல்லை. பிட்டைக் கழற்றினால் ஹீட் ஷ்ரிங்க் (ஜாயின்ட்டை மூடும் பிளாஸ்டிக் குழாய்) சுருக்கவும் ஆகும். கம்பத்தின் மேலோ வண்டிக்கு அடியிலோ தடித்த ஒயர் இணைக்கிறவர்களுக்கு இன்றும் இதுதான் சரி. பொழுதுபோக்கு எலக்ட்ரானிக்ஸுக்கு இதில் இரண்டு தொல்லை. டிகிரியைக் குறித்து வைக்க வழியில்லை, கேஸ் வால்வைத் திருகிக் குத்துமதிப்பாகத்தான் போக வேண்டும். பிட்டின் பக்கவாட்டு ஓட்டையிலிருந்து வெளியேறும் சூட்டுக்காற்று பக்கத்து கனெக்டரின் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். ஓட்டை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்துப் பிடிக்கப் பழக வேண்டும். கேஸ் நிரப்பும்போது டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, நிரப்பியபின் இரண்டு மூன்று நிமிடம் விட்டுப் பற்றவைப்பது நல்லது. திரவமாகவே வால்வுக்கு வந்தால் சுடர் துப்பும். விமானத்தில் கேஸ் டப்பாவைக் கைப்பையிலும் விடமாட்டார்கள், பெட்டியிலும் விடமாட்டார்கள்.

5 வோல்ட் 8 வாட் என்று விற்கும் யூஎஸ்பி அயர்ன் அடுத்தது. பிட்டைக் கழற்றிப் பார்த்தால் ஹெட்போன் பின் மாதிரி 3.5 மில்லிமீட்டர் ஜாக் இருக்கும். மெல்லிய ஒயர், எல்இடி ஸ்ட்ரிப், பொம்மை. அதற்குமேல் கேட்காதீர்கள். தொட்டுச் சூடாக்கும் சுவிட்ச், சிறிது நேரம் கைபடாவிட்டால் தானே அணைவது என்று நல்ல விஷயங்கள் இருந்தாலும், 8 வாட் 8 வாட்தான்.

கைப்பிடிக்குள்ளேயே லித்தியம் செல் வைத்தது மூன்றாவது. பார்க்க இதுதான் உண்மையான கார்ட்லெஸ், வால் எதுவும் இல்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒற்றை 18650 அல்லது அதைவிடச் சின்ன செல். 2,500 மில்லி ஆம்பியர்-மணி (எம்ஏஹெச்) செல்லை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 9 வாட்-மணிக்குச் சற்று மேலே. 9 வாட் இழுத்தால் ஒரு மணி நேரம், 18 வாட் இழுத்தால் அரை மணி. இதை விட்டு விலகச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஹாபி வேலைக்கு அயர்னை மாதம் ஒருமுறை எடுத்தாலே அதிகம். டிராயரில் கிடக்கும் லித்தியம் செல் தானே மெல்லத் தேய்ந்துகொண்டிருக்கும். அவசரத்துக்கு எடுக்கும் நாளில்தான் அது செத்திருப்பது தெரியும். செல்லைக் கழற்றி மாற்ற வசதி இருந்தால் வாங்கலாம். ஒட்டி மூடியிருந்தால் வேண்டாம்.

ஆகவே அயர்ன் தனியாகவும் பேட்டரி தனியாகவும் இருக்கும் நான்காவது வகைதான் என் பரிந்துரை. பவர் பேங்குக்கும் அயர்னுக்கும் நடுவே ஒரு முழம் கேபிள் இருக்குமே, அது கார்ட்லெஸ்ஸா என்று கேட்கலாம். சுவர் பிளக்கோடு கட்டிப்போடாத எதுவும் மைதானத்தில் கார்ட்லெஸ்தான். பவர் பேங்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. பேட்டரி போனால் அதை மட்டும் மாற்றலாம். அயர்னை எடுக்காத நாளெல்லாம் அது போனுக்கு உழைக்கும்.

இந்த வகையைப் பரவலாக்கியது டிஎஸ்100. 12 முதல் 24 வோல்ட்வரை டிசி, 5.5க்கு 2.5 மில்லிமீட்டர் ஜாக். 24 வோல்ட்டில் 300 டிகிரிக்குப் போகச் சுமார் 11 விநாடி. 12 வோல்ட்டில் 40 விநாடி ஆகும். அதே பிட்டை வைத்துக்கொண்டு யூஎஸ்பி-சி சாக்கெட்டும் சேர்த்து 2020இல் வந்தது பைன்64 நிறுவனத்தின் பைன்சில். அதன் இரண்டாம் பதிப்பு 2022இல் வந்தது. டிஎஸ்100, பைன்சில் இரண்டிலும் ஓடும் அயர்ன்ஓஎஸ் என்ற ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) திறந்த மூலம். தூங்கும் நேரம், பேட்டரி செல் எண்ணிக்கை, பூஸ்ட் டிகிரி (தற்காலிகமாக ஏற்றும் சூடு) எல்லாவற்றையும் இரண்டே பட்டனில் மாற்றலாம். வேறு பெயர்களில் வரும் யூஎஸ்பி-சி அயர்ன்கள் ஏராளம். அவற்றில் எதை எடுத்தாலும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை வோல்ட்வரை வாங்கும், பிட் எத்தனை ஓம், அந்த பிட் தனியாகக் கிடைக்குமா. மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் மற்ற இரண்டையும் பார்க்கவே வேண்டாம். ஹீட்டரும் வெப்ப உணரியும் பிட்டுக்குள்ளேயே இருப்பதால், பிட் போனால் அயர்னே போன மாதிரி.

யூஎஸ்பி-சி ஓட்டை இருப்பதாலேயே 20 வோல்ட் வந்துவிடாது. அயர்னும் சார்ஜரும் பவர் டெலிவரி என்ற பி.டி. முறையில் பேசிக்கொண்ட பிறகுதான் வோல்ட் ஏறும். பி.டி. அடுக்கு 5, 9, 15, 20. நடுவே 12 வோல்ட்டைச் சில சார்ஜர்கள் கொடுக்கும், சில கொடுக்காது. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 10,000 எம்ஏஹெச், 22.5 வாட் பவர் பேங்க் பெரும்பாலும் 9 அல்லது 12 வோல்ட்டோடு நின்றுவிடும். 12 வோல்ட்டில் 8 ஓம் பிட் இழுப்பது சரியாக ஒன்றரை ஆம்பியர், 18 வாட். சின்ன வேலைக்கு ஓடும். 30 வாட் பி.டி. என்றால் 15 வோல்ட் 2 ஆம்பியர் கிடைக்கும், 28 வாட்வரை எடுக்கலாம். 45 வாட் சார்ஜரில் ஒரு சிக்கல் உண்டு. 20 வோல்ட்டில் அது கொடுப்பது 2.25 ஆம்பியர், 8 ஓம் பிட் கேட்பது 2.5. ஃபர்ம்வேர் கவனமானதாக இருந்தால் 15 வோல்ட்டுக்கு இறங்கி ஒழுங்காக ஓடும். இல்லையென்றால் சார்ஜர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து அணைந்து எரியும், அயர்ன் திரை திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கும். அயர்ன் பழுது என்று திருப்பி அனுப்பப்படுவதில் பல இப்படிப்பட்டவையாகத்தான் இருக்க வேண்டும்.

எனவே 65 வாட் பி.டி. எழுதிய பவர் பேங்கை எடுங்கள். எழுதியிருப்பது எந்த சாக்கெட்டுக்கு என்றும் பாருங்கள். பழைய செவ்வக யூஎஸ்பி-ஏ சாக்கெட்டில் பி.டி. வராது. போனோடு வந்த 80 வாட் சார்ஜரைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அவற்றில் பல அந்த நிறுவனத்தின் போனுக்கு மட்டும் தனி முறையில் அள்ளிக் கொடுத்துவிட்டு, மற்ற கருவிகளுக்கு 5 வோல்ட்டோ 9 வோல்ட்டோ கொடுத்துக் கையை விரித்துவிடும். லேப்டாப்போடு வந்த யூஎஸ்பி-சி சார்ஜர் நம்பகமானது.

கேபிளிலும் விஷயம் இருக்கிறது. சாதாரண யூஎஸ்பி-சி கேபிளுக்கு எல்லை 3 ஆம்பியர். அதற்குமேல் என்றால் உள்ளே அடையாளச் சிப் வைத்த 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். 8 ஓம் பிட்டுக்கு 3 ஆம்பியர் கேபிளே போதும். 6.2 ஓம் குட்டை பிட் 20 வோல்ட்டில் 3.2 ஆம்பியர் கேட்கும், எல்லையைத் தாண்டிவிடுகிறது. சி245 போன்ற பிட் போடும் புதிய அயர்ன்களுக்கு ஓம் இன்னும் குறைவு, சுமார் இரண்டரை. அவற்றுக்கு 100 வாட் சார்ஜரும் 5 ஆம்பியர் கேபிளும் இருந்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன். எந்த அயர்னானாலும் மேலுறை சிலிக்கானாக உள்ள கேபிளைத் தேடி வாங்குங்கள். வளைந்து கொடுக்கும், பிட் தவறிப் பட்டாலும் உருகாது. விறைப்பான நைலான் பின்னல் கேபிள் கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். சின்னக் கால்களில் வேலை செய்யும்போது அது பெரிய இம்சை.

பவர் பேங்க் எவ்வளவு நேரம் வரும்? 20,000 எம்ஏஹெச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 74 வாட்-மணி. வோல்ட்டை ஏற்றுவதில் போகும் இழப்பைக் கழித்தால் 60 என்று வைத்துக்கொள்ளலாம். 320 டிகிரியில் சும்மா நிற்கும் பேனா அயர்ன் 5 முதல் 8 வாட் சாப்பிடும். ஈயம் வைப்பதையும் சேர்த்துச் சராசரி 12 என்றாலும் ஐந்து மணி நேரம். ஒரு நாள் வேலைக்குக் காணும். (விமானத்தில் அனுமதி கேட்காமல் கைப்பையில் கொண்டுபோக எல்லை 100 வாட்-மணி. 27,000ஐ 3.7ஆல் பெருக்கிப் பாருங்கள், பெரிய பவர் பேங்குகள் ஏன் அந்த எண்ணில் நிற்கின்றன என்று புரியும்.) பவர் பேங்கில் ஒரு குணம் உண்டு: அயர்ன் தூங்கி இழுவை குறைந்ததும், ஆள் இல்லை என்று நினைத்து அதுவும் அணைந்துவிடும். அயர்ன்ஓஎஸ்ஸில் இதற்கென்றே பவர் பல்ஸ் என்றொரு அமைப்பு இருக்கிறது. சில விநாடிக்கு ஒருமுறை கொஞ்சம் இழுத்து பவர் பேங்கை விழித்திருக்க வைக்கும்.

ஆர்சி (ரிமோட்) வண்டி, டிரோன் வைத்திருப்பவர்கள் அவற்றின் லைபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியையே டிசி ஜாக்கில் கொடுக்கலாம். முழு சார்ஜில் 3 செல் 12.6 வோல்ட், 8 ஓமில் 20 வாட். 4 செல் 16.8 வோல்ட், 35 வாட். வேலைக்கு ஏற்ற அளவு. 6 செல் முழு சார்ஜில் 25.2 வோல்ட், 24 வோல்ட் எல்லை போட்ட அயர்னைத் தாண்டிவிடும், கொடுக்காதீர்கள். அயர்னின் அமைப்பில் செல் எண்ணிக்கையைக் குறித்துவிடுவது கட்டாயம். அதை மறந்தால், பேட்டரி தரைதட்டிய பிறகும் அயர்ன் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அயர்ன் தப்பிக்கும், லைபோ ஊதிப்போகும். மூலையில் கிடக்கும் பழைய 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரும் வீட்டுக்குள் அருமையாக ஓடும், 45 வாட். பின் 5.5க்கு 2.5 தானா என்று மட்டும் பாருங்கள், 2.1 பின் உள்ளே போகவே போகாது. பைன்சிலில் டிசி ஜாக், யூஎஸ்பி-சி இரண்டையும் ஒரே நேரத்தில் சொருகக் கூடாது.

பேட்டரியில் ஓட்டுவதால் கிடைக்கும் ஒரு நன்மையைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு பின் சார்ஜரில் அயர்னை ஓட்டும்போது, மல்டிமீட்டரை ஏசியில் வைத்துப் பிட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள். பல பத்து வோல்ட் காட்டும். சார்ஜருக்குள் இருக்கும் சின்ன கெப்பாசிட்டர் வழியாகக் கசிவதுதான் அது. கரண்ட் மிகக் குறைவு, உலோகத்தில் கை பட்டால் லேசாகச் சுள்ளென்று இருக்கும், அவ்வளவே. ஆனால் மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டரின் கேட் காலுக்கும் சில சென்சார்களுக்கும் அதுவே எமன். பவர் பேங்கில் அந்தக் கசிவே இல்லை. சுவர் சார்ஜரில்தான் ஓட்டியாக வேண்டும் என்றால், டிஎஸ்100, பைன்சில் இரண்டிலும் எர்த் ஒயர் மாட்டத் திருகு இடம் உண்டு. அங்கிருந்து ஒரு ஒயரை எர்த்தில் இணைத்துவிடுங்கள். வேலை செய்யும் போர்டில் பவர் இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பிட் விஷயத்தில் எல்லோரும் முதலில் செய்யும் தவறு ஊசி முனையை வாங்குவது. சின்னக் காலுக்குச் சின்ன முனை என்று தோன்றும். ஊசி முனை போர்டைத் தொடும் பரப்பு கடுகளவு. 50 வாட் இருந்தாலும் வெப்பம் அந்தக் கடுகு வழியாகத்தான் போக வேண்டும். 2.4 மில்லிமீட்டர் தட்டை முனையான டி24 ஒன்றே நூற்றுக்கு எண்பது வேலையைச் செய்துவிடும். இரண்டாவதாக கத்தி வடிவ கே பிட். ஐசியின் கால் வரிசையை இழுத்துவிடவும் தடித்த ஒயருக்கும் அது ஆகும்.

தடித்த ஒயர் என்றால், டிரோன் பேட்டரிகளில் வரும் எக்ஸ்டி60 கனெக்டர்தான் பரீட்சை. அயர்ன் எப்படிப்பட்டது என்பதை அது ஒரே ஜாயின்ட்டில் காட்டிக்கொடுத்துவிடும். 20 வோல்ட், கே பிட், 380 டிகிரி. கனெக்டரில் அதன் ஜோடியைச் சொருகியே வைத்திருங்கள். மஞ்சள் நைலான் இளகும்போது பின் கோணிக்கொள்ளாமல் அது பிடித்துக்கொள்ளும். ஹீட் ஷ்ரிங்க்கை முதலிலேயே ஒயரில் நுழைத்துவிட வேண்டும். இதை மறக்காதவர் யாரும் இருக்க முடியாது. ஒயர் முனையை ஐந்தாறு மில்லிமீட்டர் உரித்து, முறுக்கி, ஃப்ளக்ஸ் தடவி, ஈயம் இழைகளுக்குள் ஊறிப் போகும்வரை பூசுங்கள். கனெக்டரின் கிண்ணத்தில் பாதி அளவு ஈயத்தை உருக்கி நிரப்புங்கள். பிட்டின் தட்டைப் பக்கத்தைக் கிண்ணத்தின் வெளிச்சுவரில் ஒட்டிப் பிடித்து, உள்ளே ஈயம் பளபளத்ததும் ஒயரை இறக்குங்கள். ஒயரில் பூசிய ஈயமும் உருகிக் கிண்ணத்தோடு ஒன்றாவது கண்ணுக்குத் தெரியும். அதன்பின் இரண்டு விநாடி, பிட்டை எடுங்கள். ஒயரைப் பத்து விநாடி அசைக்காமல் பிடிக்க வேண்டும். அசைந்தால் ஈயம் மங்கிச் சொரசொரப்பாகும், அது டிரை சால்டர், சரியாகப் பிடிக்காத ஜாயின்ட். இதில் மொத்தம் ஏழெட்டு விநாடிக்குமேல் பிட் ஒட்டியிருந்தால் வோல்ட்டோ பிட்டோ போதவில்லை என்று பொருள். 400, 420 என்று டிகிரியை ஏற்றிக்கொண்டு போகாமல் அவற்றைச் சரிசெய்யுங்கள். பேட்டரிப் பக்கத்துக் கனெக்டரை மாற்றுவதாக இருந்தால், ஒரு நேரத்தில் ஒரே ஒயரை வெட்டி, அதை முடித்து மூடிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கட்டரில் வைத்தால் கட்டரே வெல்டிங் ஆகிவிடும்.

25 வாட் அயர்னில் பழகியவர்களுக்கு ஒரு கை வழக்கம் இருக்கும்: செம்பு பிட் கறுத்துக் குழிவிழுந்ததும் அரத்தை எடுத்து ராவுவது. இங்கே அதைச் செய்தால் பிட் காலி. செம்பின் மேல் மெல்லிய இரும்புப் பூச்சு இருக்கிறது. அதை ராவிவிட்டால் ஈயம் செம்பைக் கரைத்துத் தின்றுவிடும். கறுத்த பிட்டை 250 டிகிரிக்கு இறக்கி, பித்தளைச் சுருளில் துடைத்து, ஃப்ளக்ஸில் முக்கி, புது ஈயத்தைச் சுற்றிச் சுற்றிப் பூசினால் இரண்டு மூன்று தடவையில் பிடித்துவிடும். கறுப்பதைத் தவிர்க்க, வேலை முடிந்ததும் துடைக்காமல் முனையில் ஒரு சொட்டு ஈயத்தை விட்டு அணையுங்கள். ஒரு நிமிடம் அசையாமல் இருந்தால் 150 டிகிரிக்கு இறங்கித் தூங்கும்படி வைத்துவிட்டால் பிட்டும் பிழைக்கும், பேட்டரியும் மிஞ்சும். மேசையில் 60/40 ஈயத்துக்கு 320 முதல் 350, ஈயம் கலக்காத எஸ்ஏசி305க்கு 350 முதல் 380 போதும்.

அயர்ன் வீட்டுக்கு வந்ததும் சொருகுவதற்கு முன்பே பிட்டை எடுத்து, பின்புற வளையங்களுக்கு நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 8க்குப் பக்கத்தில், குட்டை பிட் என்றால் 6.2க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். மீட்டர் ஒயரின் அரை ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள். அதிகமாகக் காட்டினால் போலி பிட்டாகவோ வளையத்தில் அழுக்காகவோ இருக்கலாம். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து மறுபடி பாருங்கள். பிறகு பவர் பேங்கில் சொருகி, திரையில் உள்ளே வரும் வோல்ட்டைப் படியுங்கள். 20 என்று காட்டினால் எல்லாம் சரி. 9 என்று காட்டினால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், அப்புறம் பவர் பேங்க்கை. முதல் சூட்டிலேயே, முனை 200ஐத் தாண்டும்போதே ஈயத்தைத் தொட்டுப் பூசிவிடுங்கள். வேலை முடிந்து பையில் போடும் முன் திரையில் 50 டிகிரிக்குக் கீழே இறங்கியதைப் பார்த்தபின் மூடியை மாட்டுங்கள். அந்தச் சில நிமிடத்தில், சாப்பிடப் போகும் முன் சோப்பு போட்டுக் கையைக் கழுவிக்கொள்ளலாம். விரலில் இருப்பது ஈயம்.